உங்களுக்குத் தெரியுமா? ‘டிஸ்மல்’ ஒரு நாளின் பெயர்!

மனவாட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல் பஞ்சமே இல்லை. குளூமி, மெலங்கலி, புளூஸ், டோல்ட்ரம்ஸ் என்று வரிசை நீளும். இந்த வாரம் அதில் ‘டிஸ்மல்’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வோம். நம் நாட்டு ஆங்கில நாளேடுகளில் இது கண்ணில் படுவது பெரும்பாலும் விளையாட்டுப் பக்கத்தில்தான். காற்பந்து அணி தோற்ற மறுநாள் பாருங்கள். கிள்ளான் பண்டமாரானில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லோடு இரண்டு வழியில் உறவு உண்டு. ஒன்று பஞ்சாங்கம், இன்னொன்று சேற்று நிலம்.

● டிஸ்மல் பிறந்தபோது அது மனநிலையைக் குறிக்கவில்லை. அது நாள்காட்டிச் சொல். லத்தீனில் ‘தியேஸ் மாலி’ என்றால் கெட்ட நாள்கள். இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர்களின் பிரெஞ்சில் அது ‘திஸ் மால்’ ஆனது. ராவுஃப் டி லின்ஹாம் என்பவர் 1256-இல் நாள்காட்டியைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் செய்யுளில் இந்தப் பெயர் வருகிறது. ‘டிஸ்லைக்’, ‘டிஸ்அக்ரீ’ மாதிரி இதிலும் முன்னால் நிற்பது எதிர்மறை ஒட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ‘டிஸ்’ என்றால் நாள், ‘மல்’ என்றால் கெட்டது. அவ்வளவுதான்.

● எவை அந்தக் கெட்ட நாள்கள்? மாதத்துக்கு 2, ஆண்டுக்கு 24. ‘எகிப்திய நாள்கள்’ என்று அவற்றுக்குப் பெயர். எகிப்தின் சோதிடர்கள் கணித்துச் சொன்னவை என்பது நம்பிக்கை. ரோமாபுரியில் கி.பி. 354-இல் எழுதப்பட்ட நாள்காட்டியிலேயே அவை குறிக்கப்பட்டிருக்கின்றன. அன்று பயணம் புறப்படக் கூடாது, புது வேலை தொடங்கக் கூடாது. முக்கியமாக, உடலிலிருந்து இரத்தம் எடுக்கக் கூடாது. இரத்தம் எடுப்பதுதான் அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்களின் முதல் சிகிச்சை. அதனால் அந்த 24 நாளில் படுத்த நோயாளிகள் கொஞ்சம் பிழைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படி நாள் பார்க்கிற கிறிஸ்தவர்களை 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புனித அகஸ்டின் கண்டித்து எழுதினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தேவாலய நாள்காட்டிகளிலேயே அந்த நாள்கள் குறிக்கப்பட்டு வந்தன.

● இங்கேதான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் ‘கரிநாள்’ என்று போட்டிருக்கும். திதி எதுவாக இருந்தாலும், நட்சத்திரம் எதுவாக இருந்தாலும் கரிநாள் மாறாது. தமிழ் மாதத் தேதிக்கே அது ஒட்டிக்கொண்டது. சித்திரை 6, 15. ஆனி 1, 6. தை 1, 2, 3, 11, 17 என்று போகும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஓரிரண்டு நாள் வேறுபடலாம், முறை ஒன்றுதான். எகிப்திய நாள்களும் இப்படியே. நிலவையும் கிரகத்தையும் பார்க்காமல், தேதியோடு கட்டப்பட்டவை.

தை 1, 2, 3 என்று படித்ததும் நின்றிருப்பீர்கள். ஆமாம், பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் மூன்றுமே கரிநாள் பட்டியலில் இருக்கின்றன. பொங்கல் வைக்க நல்ல நேரம் பார்க்கிறோமே தவிர, நாளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. காணும் பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் ‘கரிநாள்’ என்றே பெயர். அன்று வீட்டில் ஆட்டுக்கறி மணக்கும்; ‘ரி’யை ‘றி’யாக மாற்றிச் சிரித்துக்கொள்வதும் உண்டு. ஐரோப்பியர்களின் பரவலான பட்டியலிலும் முதல் நாள் எது தெரியுமா? ஜனவரி 1.

ஆங்கிலேயர்கள் எழுதிய பழைய புத்தகங்களில், நாள் பார்க்கும் நம் பழக்கத்தைக் கிண்டல் செய்யாத பக்கம் குறைவு. அவர்கள் வாயில் தினமும் புழங்கிய ஒரு சொல்லே கரிநாள்தான் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

● ‘தியேஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு நம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: ‘திவசம்’. வடமொழியில் திவசம் என்றால் வெறும் நாள். பக்கத்து வீட்டு மலையாளிக்கு இன்றைக்கும் அது நாள்தான். எத்தனை திவசம் விடுமுறை என்று சாதாரணமாகக் கேட்பார். தமிழிலோ அது இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் சடங்காகிவிட்டது. திவசமும் தியேஸும் ஒரே வேரில் முளைத்தவை. ஒளி, வானம் என்பது அந்த வேரின் பொருள். இரண்டு மொழியிலும் வெளிச்சத்தில் தொடங்கிய சொல் துக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

● இராகு காலம் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். சூரியன் காலை 6 மணிக்கு உதிக்கிறது என்று வைத்துக்கொண்டு, பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கைக் கொடுத்த கணக்கு அது. கிள்ளானில் சூரியன் உதிப்பது பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாகும்படி அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதற்கு முன்பும் அது சூரியனை முந்திக்கொண்டுதான் ஓடியது. ஆக, முறைப்படி பார்த்தால் இங்கே திங்கட்கிழமை இராகு காலம் ஏறக்குறைய 8.40 முதல் 10.10 வரை. தமிழ்நாட்டு நேரத்தை அப்படியே பார்த்து 9 மணி அடித்ததும் நிம்மதியாக வண்டியை எடுக்கிறவர், சரியாக இராகு காலத்துக்குள்ளேயே புறப்படுகிறார். இத்தனை ஆண்டாகக் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

● நாள் பார்ப்பது நம்மவர்கள் மட்டுமல்ல. பண்டமாரான் சீனப் புதுக்கிராமம் அவசரகாலத்தில் உருவானது. நாட்டின் பெரிய புதுக்கிராமங்களில் ஒன்று. அங்கே சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் வந்துவிட்டால் திருமணம் கிடையாது, வீடு மாறுவது கிடையாது. தெருவோரம் ஊதுவத்தி, கோயில் முன் கூத்து மேடை. சில ஆண்டுகளில் அந்த மாதத்தின் தலையும் நம் ஆடி மாதத்தின் வாலும் ஒன்றாக விழும். மண்டபக்காரர்களுக்கு அது இரட்டைச் சோதனை. மலாய்க்காரர்களிடமும் ‘மண்டி சஃபார்’ இருந்தது. சஃபார் மாதக் கடைசிப் புதன்கிழமை, துரதிர்ஷ்டம் கழியக் குடும்பத்தோடு கடலில் குளிப்பார்கள். மலாக்கா தஞ்சோங் கிளிங் கடற்கரையில் அன்று கூட்டம் அலைமோதும். அது மார்க்க வழக்கமல்ல என்று சமய அறிஞர்கள் சொல்லத் தொடங்கிய பிறகு ஓய்ந்துபோனது.

● ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஒரு சீமாட்டியின் மறைவுக்காக அவர் பாடிய நெடும்பாட்டில், டிஸ்மலை பைபிளில் வரும் எகிப்தின் பத்து வாதைகளோடு இணைத்துவிட்டார். பிரெஞ்சில் ‘தி(ஸ்)’ என்றால் பத்து. நாளைப் பத்தாக்கிவிட்டார். பெரியவர் சொன்னதால் அந்த விளக்கமும் கொஞ்ச காலம் ஓடியது.

● அடுத்த வேடிக்கை, ‘டிஸ்மல் டேஸ்’ என்று மக்கள் பேசத் தொடங்கியது. சொல்லுக்குள்ளேயே நாள் இருப்பது மறந்துபோய், பக்கத்தில் இன்னொரு நாளைச் சேர்த்தார்கள். நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்வதில்லையா, அதே கதை. ஆனால் அந்த மறதியால்தான் சொல் பிழைத்தது. நாளின் பெயராக இருந்தது நாளுக்கு அடைமொழி ஆனது. பிறகு நாளை விட்டு இறங்கி, வானிலை, வீடு, முகம், செய்தி என்று கெட்டதாகத் தெரிந்த எல்லாவற்றின் மேலும் ஏறியது. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இருண்டது, களையிழந்தது என்ற பொருள் நிலைத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அவருக்கு ‘டிஸ்மல்ஸ்’ வந்திருக்கிறது என்பார்கள், சளி பிடித்த மாதிரி. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ‘டிஸ்மல் ஜெம்மி’ என்ற பட்டப்பெயரோடு ஒரு நாடோடி நடிகர் வருகிறார்.

● போகிற போக்கில் அக்கம்பக்கத்துச் சொற்கள் மூன்று. ‘மெலங்கலி’ என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். உடலில் அது கூடினால் மனம் சாம்பும் என்பது அவர்கள் வைத்தியம். ‘சாட்டர்னைன்’ என்றால் சனிக்கிரகத்துக்காரர்: முகத்தில் சிரிப்பில்லாத, மெதுவான ஆள். வடமொழியிலும் சனைச்சரன் என்றால் மெதுவாகப் போகிறவன். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு எடுத்துக்கொள்ளும் கோளைக் கண்டு இரண்டு நாட்டாரும் ஒரே மாதிரி அலுத்திருக்கிறார்கள். ‘டோல்ட்ரம்ஸ்’ முதலில் மனச்சோர்வு. காற்றில்லாமல் பாய்மரக் கப்பல்கள் மாட்டிக்கொள்ளும் நடுக்கோட்டுக் கடலுக்குப் பிறகுதான் அந்தப் பெயர் போனது. கிள்ளான் இருப்பது நடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில்.

● பொருளாதாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்று ஒரு வசைப்பெயர் உண்டு. மக்கள்தொகை பெருகும், உணவு போதாது என்று 1798-இல் எழுதிய மால்தஸைப் பார்த்து வைத்த பெயர் என்று கல்லூரிகளில்கூடச் சொல்லித்தருகிறார்கள். உண்மைக் கதை அதைவிடக் கசப்பானது. நம் தாத்தாக்களின் கதைக்கும் பக்கத்தில் இருப்பது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, மறு ஆண்டு ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலையான கறுப்பர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் பழைய கூலிக்கு மாரடிக்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் புலம்பினார்கள். அப்போது தாமஸ் கார்லைல் என்ற பேர்பெற்ற எழுத்தாளர், 1849 டிசம்பரில் ‘ஃபிரேசர்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பர்களைக் கட்டாயப்படுத்தியாவது வேலை வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். மனிதர்கள் எல்லாரும் சமம், கூலியைச் சந்தை முடிவு செய்யட்டும், சாட்டை எதற்கு என்று கேட்ட பொருளாதார அறிஞர்கள் அவருக்கு எரிச்சலூட்டினார்கள். அவர்களுடைய படிப்புக்குத்தான் ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்று பெயர் வைத்தார். அடுத்த மாதமே, 1850 ஜனவரியில், அதே இதழில் ஜான் ஸ்டூவர்ட் மில் அவருக்குச் சூடாகப் பதில் கொடுத்தார். ஆக, அந்த வசை பொருளாதார நிபுணர்களுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம். அவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

சாட்டை போன இடத்துக்கு ஒப்பந்தம் வந்தது. மொரிஷியஸ், கயானா, பிறகு மலாயா. கைநாட்டு வைத்த கூலி தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். சிறைக்கும் போக வேண்டியிருக்கும். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் ஆள் பிடித்து வந்ததும் 1938-இல் நின்றது. கார்லைல் காட்டிய வழியில் யோசித்த துரைமார்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கேட்டவற்றைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்துவது. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் 5 பேர் மடிந்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைத் தாண்டிப் போகலாம் என்பது ஒரு கோரிக்கையாக இருந்த ஊர் இது.

● டிஸ்மல் பெயரில் ஒரு கணக்குமுறையும் உண்டு. டேவிட் ஆப்பிள்கேட், மார்க் லெப்ரன், நீல் ஸ்லோன் என்ற மூவர் 2011-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். இதில் கூட்டல் என்றால் ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வது. பெருக்கல் என்றால் சிறியதை எடுப்பது. 17-ஐயும் 24-ஐயும் கூட்டினால் 27. சம்பளம் 2,500 ரிங்கிட், ஓவர்டைம் 300 ரிங்கிட் என்றால் மொத்தம் 2,500. இந்தக் கணக்கைச் சில முதலாளிகள் கட்டுரை வருவதற்கு முன்பே கற்றிருந்தார்கள். கணித உலகம் பிறகு இதன் பெயரை ‘லூனார்’ என்று மாற்றிக்கொண்டது.

● நாள், மனம், படிப்பு எல்லாம் ஆயிற்று. டிஸ்மல் ஒரு நிலமாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் குடியேறியவர்கள் சதுப்புக் காட்டையே ‘டிஸ்மல்’ என்றார்கள். வர்ஜீனியாவும் வட கரோலைனாவும் சேரும் இடத்தில் உள்ள ‘கிரேட் டிஸ்மல்’ சதுப்பு இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. 1728-இல் எல்லைக்கோடு அளக்கப் போன வில்லியம் பேர்ட் அந்த இடத்தை வயிறெரிந்து ஏசி எழுதினார். பின்னாளில் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் 1763-இல் போய்ப் பார்த்துவிட்டு, நீரை வடித்து நிலமாக்கக் கூட்டாளிகளோடு ஒரு கம்பெனி தொடங்கினார். மண்வெட்டி பிடித்தவர்கள் அடிமைகள். ஆனால் அதே காட்டின் உள்ளே, மேடான திட்டுகளில், தப்பியோடிய அடிமைகள் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். எசமானுக்கு டிஸ்மலாக இருந்த இடம் அவர்களுக்குச் சுதந்திர பூமி. 1974 முதல் அது வனவிலங்குப் புகலிடம்.

● நம்மூருக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே இன்று தாமான்களும் பட்டறைகளுமாக நெருக்கியடிக்கும் இந்தப் பக்கமெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன் தாழ்ந்த சேற்று நிலம். கரையோரம் அலையாத்திக் காடு. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியாவில் ஆள்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள்; துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்தார் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டு. வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பவில்லை. காட்டை வெட்டச் சொன்னார், வாய்க்கால் தோண்டச் சொன்னார், தேங்கிய நீரை வடித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் 582 ஆக இருந்த மொத்தச் சாவு, 1902-இல் 144 ஆகக் குறைந்தது. காய்ச்சலில் மட்டும் 368 பேர் இறந்த இடத்தில் மறு ஆண்டு 59 பேர். வெப்பமண்டல நாடுகளில் மலேரியாவை அடக்கிய முதல் வெற்றிகளில் ஒன்றாகக் கிள்ளான் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தது இப்படித்தான். வாய்க்கால் வெட்டிய கைகளின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சமதளத் தோட்டங்களில் அந்த நோயைப் பரப்பிய கொசுவுக்கு ‘அனாஃபிலஸ் அம்ப்ரோசஸ்’ என்று பெயர். நிழல் விழும் குட்டைகளில் முட்டையிடுவது. அம்ப்ரோசஸ் என்றால் லத்தீனில் நிழலடைந்தது. காட்டை வெட்டி வெயிலை விட்டதும் அது ஒழிந்தது. அதே வேலையை மலைத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடிவிட்டது; அங்கே இருந்த கொசு வெயில்படும் தெளிந்த ஓடையை விரும்பும் வேறு சாதி. அதற்கு நிலத்தடிக் குழாய் பதிக்க வேண்டியிருந்தது.

● டிஸ்மலும் மலேரியாவும் ஒருவகையில் உடன்பிறப்புகள். அங்கே கெட்ட நாள். இங்கே ‘மல் அரியா’, இத்தாலியில் கெட்ட காற்று. சேற்று நாற்றம்தான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். மலாயில் ‘மாலாங்’ என்றால் துரதிர்ஷ்டம். ஒலி ஒத்துப்போகிறதே தவிர லத்தீனோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘மாலாங் தாக் பெர்பாவ்’, கெடுதலுக்கு வாசனை கிடையாது என்பது மலாய்ப் பழமொழி. இத்தாலிக்காரர் நாற்றத்தைச் சொன்னார், மலாய்க்காரர் நாற்றமில்லை என்றார். கொசுவைக் கண்டுபிடித்த பிறகு பார்த்தால் மலாய்ப் பழமொழிதான் ஜெயித்தது.

● சதுப்பு போய்விட்டது, கொசு போகவில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சேறும் வேண்டாம், காடும் வேண்டாம். பூச்சட்டித் தட்டில் இரண்டு விரல் நல்ல தண்ணீர் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். கரிநாள், எகிப்திய நாள் எதையும் அது பார்ப்பதில்லை, கடிப்பதுகூடப் பட்டப்பகலில்தான். அதனால் இதை மடித்து வைத்ததும் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பக்கெட், பழைய டயர், கூரைத் தகரத்தின் பள்ளம், அடைத்துக்கொண்ட லோங்காங், எதிலாவது தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.